வரேன் தொரை

யுத்தம் தொடங்குவதற்கு முந்தைய வருஷம், மார்கழி மாதம். திருச்சி கண்டோன்மெண்டில் வெள்ளைக்காரர்கள் தங்கும் பழைய ஓட்டல் ஒன்றில் நான் ஒரு காலைப்பொழுது தங்க நேர்ந்தது. உப்பிலியபுரத்தில் எங்கள் குடும்பத்திலேயே பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். ரயில்வே ஆபீஸில் குமாஸ்தா வேலைக்கு அன்று பன்னிரண்டு மணிக்கு இன்டர்வியூ. என்னோடு படித்தவனின் அண்ணன்தான் ஓட்டல் மானேஜர். "ஒரு ரூம் சும்மாதான் கிடக்கு. குளிச்சு டிரஸ் மாத்திட்டுப் போங்க தம்பி" என்று கோடி அறையைத் திறந்துவிட்டார்.

அன்று வைகுண்ட ஏகாதசி. ஸ்ரீரங்கம் போகும் அவசரம் அவருக்கு. வாசல்வரை போனவர் திரும்பி, "அந்த நாற்காலியில மட்டும் உக்காராதீங்க, ரொம்பப் பழசு" என்றார். நான் இருப்பதை வேலைக்காரர்களிடம் அவர் சொல்லாமலே போய்விட்டார் என்பது எனக்குத் தெரியாது.

சீமைக்குத் திரும்பிய துரைமார்களின் சாமான்களை ஏலத்தில் எடுத்து அந்த அறையை நிரப்பியிருந்தார்கள். சிங்கக்கால் வைத்த கட்டில், ஆளுயரக் கண்ணாடி, ஓடாத கடிகாரம். ஜன்னலோரம் சிவப்பு வெல்வெட் நாற்காலி. யாரோ அப்போதுதான் எழுந்து போனது போல அதன் மெத்தை குழிந்திருந்தது.

ஓட்டலில் கால் வைத்ததிலிருந்து இங்கிலீஷ் தவிர வேறு பேசுவதில்லை என்று எனக்கு நானே ஒரு வைராக்கியம் வைத்திருந்தேன். மானேஜருக்கே இங்கிலீஷில்தான் பதில் சொன்னேன்; அவர் சிரித்துக்கொண்டார். கோட்டு மாட்டி, கண்ணாடி முன் நின்று, கேட்கப்போகும் கேள்விகளுக்குப் பதில்களை உரக்கச் சொல்லிப் பார்த்துவிட்டுக் கிளம்பினேன்.

கதவின் பித்தளைக் குமிழ் கையோடு வந்துவிட்டது. அதன் தண்டு அந்தப் பக்கம் விழுந்த சத்தம் கேட்டது. தேக்குக் கதவு அசையவில்லை. ஜன்னலுக்குக் கம்பி. வெளியே தோட்டத்தில் ஆளில்லை.

கட்டிலருகே ஒரு பட்டுக்கயிறு தொங்கியது. இழுத்தேன். எங்கோ தூரத்தில் மணி அடித்தது. உடனே ஒரு ஆண் குரல், "வரேன் தொரை" என்றது. அப்பாடா என்றிருந்தது. ஆனால் யாரும் வரவில்லை. மறுபடி இழுத்தேன். "வரேன் தொரை." அதே குரல், அதே இழுவை. யாரும் வரவில்லை.

இன்டர்வியூவுக்கு நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. விடாமல் இழுத்தேன். வெறுங்கால்கள் கதவுவரை வந்தன. தரையில் பீங்கான் வைக்கும் சத்தம்.

"டீ வச்சிருக்கேன் தொரை. கோவிச்சுக்காதீங்க. நாங்க புள்ளகுட்டிக்காரங்க."

யாரிடம் சொல்கிறான்? கதவைத் திற, நேரமாகிறது என்று இங்கிலீஷில் கத்தினேன். கால்கள் ஓடின. "பேசவேற பேசுதா? இத்தனை வருஷமா மணி மட்டும்தானே அடிக்கும்!" என்று ஒரு பெண் குரல் அலறியது.

இத்தனை வருஷமாக மணி அடித்தது யார்? திரும்பிப் பார்க்கக் கூடாது என்றுதான் இருந்தேன். ஆனால் கதவை ஒட்டியிருந்த கண்ணாடியில் நாற்காலி தெரிந்தது. மெத்தையின் குழி காலையில் இருந்ததைவிட ஆழமாகியிருந்ததோ? அறையில் நான் தனியாக இல்லை என்று தோன்றிய அந்தக் கணத்தில் என் இங்கிலீஷ் போன இடம் தெரியவில்லை.

"ஐயோ, அம்மா! நான் உப்பிலியபுரத்துக்காரனுங்க! கதவைத் திறங்க!" என்று அழுதே விட்டேன்.

வெளியே கிசுகிசுப்பு.

"அம்மாங்குதே..."

"தொரைக்கு ஏதுய்யா உப்பிலியபுரம்? தொறந்து பாரு."

தண்டைச் செருகித் திருகினார்கள். கதவு திறந்தது. ஒரு கையில் வேப்பிலைக் கொத்தோடு பட்லர். அவருக்குப் பின்னால் துடைப்பத்தை ஓங்கியபடி பெருக்குகிற அம்மாள்.

"அட, நம்ம பக்கத்துப் பையன்!" என்றார் பட்லர். "அந்த நாற்காலியிலேயே செத்துப்போன தொரைன்னு நினைச்சோம் தம்பி. வரேன்னு ஒரு குரல் குடுத்தா மணி நின்னுடும். இன்னிக்கு நிக்கவே இல்லை."

"கோட்டு தொரை கோட்டுதான். அழுகை நம்மூரு அழுகையால்ல இருக்கு!" என்றாள் அந்த அம்மாள்.

வெட்கப்படக்கூட நேரமில்லை, ஓடினேன். அறை வாசலில் இருந்த டீக் கோப்பையைத் தாண்டும்போது பார்த்தேன். காலியாக இருந்தது. பூனை குடித்திருக்கும் என்று இன்றுவரை சொல்லிக்கொள்கிறேன்.

இன்டர்வியூவில் என்னைக் கடைசி ஆளாகக் கூப்பிட்டார்கள். வேலை கிடைத்தது. இப்போது பார்சல் ஆபீஸ் ஜன்னலுக்கு உள்ளே, அதே கோட்டோடு உட்கார்ந்திருக்கிறேன். வெளியே கிராமத்துக்காரர் யாராவது என் இங்கிலீஷைக் கேட்டு மிரண்டு நின்றால், அந்தத் தேக்குக் கதவுக்கு அப்பால் நடுங்கிய பட்லரின் குரல் என் காதில் விழுகிறது. உயிரோடிருக்கும் ஒரு மனிதனின் குரலாக என் குரல் அவருக்குக் கேட்க வேண்டுமே என்று உடனே தமிழுக்கு வந்துவிடுகிறேன்.