குலுக்கலுக்கு முந்தின நாளே வந்த எண்

எண்பதுகளில் பிரிக்பீல்ட்ஸில் கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தேன். எங்கள் குடியிருப்புச் சங்கத்தின் தீபாவளி அதிர்ஷ்டக் குலுக்கலுக்கு நானே புரோகிராம் எழுதினேன். அதில் ‘லூப்’ என்ற சுழற்சி ஒன்று, இரண்டு, மூன்று என்று மூன்று முறை சுற்றும். ஒவ்வொரு சுற்றிலும் கம்ப்யூட்டர் ஒரு டிக்கெட் எண்ணைப் பொறுக்கும். முந்தின நாள் ஒத்திகையில்தான் கோளாறு தெரிந்தது. அணைத்துவிட்டு மறுபடி போட்டால், திரும்பவும் அதே மூன்று எண்கள்.

விற்காத டிக்கெட்டுகளைக் கையில் வைத்திருந்த சங்கச் செயலாளரிடம் சொன்னேன். "அங்கிள், நாளைக்கும் இதே நம்பர்தான் வரும். ஒரு வரி சேர்த்தா சரியாயிடும்."

"இப்ப எதையும் தொடாதம்மா. நல்லாத்தானே ஓடுது லா."

மறுநாள் முதல் எண் விழுந்ததும் அவருடைய மைத்துனர் மேடையேறி டிவியை வாங்கிக்கொண்டார். நான் எழுந்து, "நேத்தும் இதே நம்பர்தான் வந்துச்சு" என்றேன்.

செயலாளர் மைக்கில் சிரித்தார். "கம்ப்யூட்டருக்கு என் மச்சானத் தெரியுமாம்மா?"

கூட்டம் கைதட்டியது. இன்றும் யாராவது "கம்ப்யூட்டர்தான் தேர்ந்தெடுத்தது" என்றால், முந்தின நாள் அதன் பக்கத்தில் யார் நின்றார்கள் என்று கேட்காமல் நான் விடுவதில்லை.