வாடை நிற்கும் நேரம்

அன்று ஏரிக்கரையில் யார் யார் இருந்தோம் என்று சொல்லிவிடுகிறேன். நான். என் மனைவியின் அண்ணன், கடலுக்குப் போகிறவர். எங்கள் தெருப் பால்காரர். அவருடைய எருமைகள். வேறு ஆள் இல்லை. மனைவி வீட்டில் மசாலா அரைத்துக்கொண்டிருந்தாள். மாமியார் கேளம்பாக்கத்தில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தார்.

மாடம்பாக்கம் ஏரி. எண்பதுகளின் கடைசி. மார்கழி மாதம்.

எனக்கு சென்ட்ரிங் வேலை. தாம்பரத்தைச் சுற்றி அப்போது வீடு கட்டாத தெருவே கிடையாது. வாரம் முழுக்கக் கான்கிரீட்டுக்குப் பலகை அடிப்பேன், கம்பி கட்டுவேன். ஞாயிற்றுக்கிழமை தூண்டில். குடி இல்லை, சீட்டு இல்லை. இது ஒன்றுதான்.

மீன் எப்போதும் ஏரியில்தான் இருக்கிறது. எப்போதும் தின்னாது. அதனால் தூண்டிலைவிட நேரம் முக்கியம். கோடையில் வெளிச்சம் வருமுன் கரையில் உட்கார்ந்துவிட வேண்டும். வெயில் தண்ணீரில் விழுந்ததும் எழுந்து வந்துவிடலாம். ஆடிக்காற்றில் தக்கை ஆடிக்கொண்டே இருக்கும். கடிக்கிறது மீனா காற்றா என்று தெரியாது. புதுமழைக்கு வாய்க்காலில் தண்ணீர் வந்தால் கெண்டையும் கெளுத்தியும் அதை எதிர்த்து ஏறும். அன்றைக்குத் தூண்டில் வேண்டாம், ஒரு வேட்டி போதும். பௌர்ணமிக்கு மறுநாள் காலை போகவே கூடாது. ராத்திரி முழுக்க நிலா வெளிச்சத்தில் மேய்ந்துவிட்டு மீன் வயிறு நிறைந்து கிடக்கும். இதெல்லாம் நிஜமா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. எனக்கு அப்படித்தான் நடந்திருக்கிறது.

மார்கழியில் விராலுக்குக் கணக்கு வேறு. குளிரில் அது சேற்றோடு சேறாகக் கிடக்கும். விடியற்காலையில் மூக்குக்கு நேராகத் தவளையைக் காட்டினாலும் வாய் திறக்காது. வெயில் ஏறி, கரையோரத் தண்ணீர் கைக்கு வெதுவெதுப்பாக வர வேண்டும். அப்போதுதான் மேலே வரும். விரால் தண்ணீருக்கு மேல் வந்து மூச்சு வாங்குகிற மீன். ஒரு வாய் காற்று குடித்துவிட்டு இறங்கும். அந்த இடத்தில் ஒரு வட்டம் விழும். வட்டத்தைப் பார்த்துவிட்டால் ஆள் இருக்கிற இடம் தெரிந்துபோகும். தண்ணீர் அசையாமல் இருந்தால்தான் வட்டம் தெரியும். மார்கழியில் வாடைக்காற்று ஏரியைச் சும்மா விடாது. அதுதான் சிக்கல்.

எனக்குப் பெண் கொடுத்தது கேளம்பாக்கத்துக்குக் கிழக்கே, கடலோரத்தில் ஒரு குப்பம். அந்தப் பக்கம் ஒரு பங்களா வேலைக்குப் போனபோது பார்த்த பெண். கேட்டேன். கொடுத்தார்கள். மாமியாருக்கு மட்டும் மனசில்லை. என்மேல் கோபம் இல்லை. ஏரிமேல்தான்.

"ஏரி மீனு சேறு நாறும். அத்தத் துன்றவன் வூட்ல என் பொண்ணு இன்னாத்தத் துன்னுவா" என்று கல்யாணத்தன்றே சொன்னார். மூன்று வருஷம் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. மனைவிதான் போய்ப் பார்த்துவிட்டு வருவாள். வந்ததும் ஒரு நாள் பேச மாட்டாள். நான் கேட்க மாட்டேன்.

சனிக்கிழமை சாயங்காலம் கான்கிரீட் போட்டு முடித்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். மச்சான் உட்கார்ந்திருந்தார்.

"அம்மா நாளிக்கு வருது" என்றார். "மத்தியான சாப்பாடு இங்கதான். சொல்லச் சொல்லிச்சி."

மனைவி கையில் இருந்த முறத்தைக் கீழே வைத்துவிட்டாள்.

"இன்னா ஆக்கறது?" என்றாள்.

"காலையில மார்க்கெட்ல வஞ்சிரம் வாங்கியாறேன்" என்றேன்.

"எங்கம்மா செவுளத் தூக்கிப் பாக்காம மீனத் தொடாது. ஐஸ்ல எத்தினி நாளு கெடந்துச்சின்னு சொல்லிடும். கடல் மீன காசு குடுத்து வாங்கி எங்கம்மாவுக்கே போடறதா? குப்பமே சிரிக்கும்."

"கோழி?"

"மீனுக்காரிக்குக் கோழி போட்டா, இந்த வூட்ல துன்றா மாதிரி மீனு இல்லன்னு நாமளே சொன்ன மாதிரி."

பிறகு அவளே சொன்னாள்.

"வெரால் புடிச்சாந்து குடு. உசுரோட. அது ஒண்ணுதான் எங்கம்மா கடல்ல இல்லாத மீனு."

மச்சான் சிரித்தார். "ஏரில மீன் புடிக்கறது ஒரு வேலையா? தொட்டில கைய வுட்டு சோப்பு தேடற மாதிரி. நானும் வரேன் மாப்ள."

நான் டார்ச்சை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் போனேன். சாக்கடையோரம் சின்னத் தவளைகள் பிடித்து, பழைய பால்பவுடர் டப்பாவில் போட்டு மூடியில் ஓட்டை குத்தி வைத்தேன். விராலுக்கு அதுதான் இரை.

இருட்டு பிரியுமுன் மச்சான் என்னை எழுப்பினார்.

"மாப்ள, எழுந்திரு. நேரமாச்சி."

"வெரால் ஒம்போது மணிக்கு மேலதான் மச்சான் மேல வரும்."

"இன்னா, ஆபீசுக்கா போவுது? இந்நேரம் நாங்க வலைய இழுத்துகினு இருப்போம். நீ இன்னும் படுத்துகினு கீற."

அடுப்படியிலிருந்து மனைவி குரல் கொடுத்தாள். "இட்டுகினு போணா. வுட்டா அந்த ஆளு பத்து மணி வரிக்கும் வூட்லயே குந்திகினு காத்தப் பாத்துகினு இருப்பாரு."

போனோம். நான் சைக்கிள் மிதித்தேன். அவர் பின்னால் இரண்டு மூங்கில் தூண்டிலையும் கொடிக்கம்பம் மாதிரிப் பிடித்துக்கொண்டு வந்தார். கரைக்குப் போனதும் லுங்கியை மடித்துக் கட்டி நேராகத் தண்ணீரில் இறங்கினார். இறங்கின வேகத்தில் ஏறினார்.

"இன்னா மாப்ள, ஐஸ் வாட்டர் மாரி கீது."

விடியற்காலையில் கடல் தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்குமாம். அந்த நினைப்பிலேயே இறங்கிவிட்டார். ஏரி அப்படி இல்லை. அப்புறம் என் சட்டையையும் வாங்கித் தன் சட்டைமேல் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். பல் அடித்துக்கொண்டது. தூண்டில் போட்டோம். ஒன்றும் கடிக்கவில்லை.

வெயில் வந்தது. கரையோரத் தண்ணீரில் கை வைத்துப் பார்த்தேன். கொஞ்சம் கொஞ்சமாகச் சூடு பிடித்தது. வாடை மட்டும் விடவில்லை. ஏரி முழுக்கச் சின்னச் சின்ன அலை. அல்லி இலைகள் ஓரம் தூக்கித் தூக்கி விழுந்தன.

"இன்னாத்த அப்பிடிப் பாக்கற?" என்றார் மச்சான்.

"காத்து நிக்கணும்" என்றேன். விரால் மேலே வந்து மூச்சு வாங்குவதையும், வட்டம் விழுவதையும் சொன்னேன். அலை இருந்தால் அது தெரியாது என்று சொன்னேன். அவரிடம் நான் அதுவரை பேசினதில் அதுதான் நீளமான பேச்சு.

அவர் எழுந்தார். வடக்கே திரும்பி நின்றார். பிறகு கன்னத்தைக் காற்றுக்குக் காட்டினார். ஏரிக்கு அந்தப் பக்கம் யாரோ சருகு கொளுத்திய புகை சாய்ந்து போவதைப் பார்த்தார். முகம் மாறியது. வீட்டில் பேசுகிற ஆள் மாதிரி இல்லை.

"இது நிக்கும்" என்றார். "கரைக்காத்து அடங்கி, கடக்காத்து வரதுக்கு நடுவுல கொஞ்ச நேரம் ஒண்ணுமே இருக்காது. பாய் தொங்கிடும். துடுப்பு போட்டே சாவணும். எங்களுக்கு அது பேஜார் புடிச்ச நேரம்."

"எனக்கு அது போதும்" என்றேன்.

"கடலோரம்னா ஒம்போது. இங்க உள்ள தள்ளி கீதில்ல, கடக்காத்து வந்து சேர நேரமாவும். பத்து பத்தரை வெச்சிக்க. ஆனா சீக்கிரம் போய்டும். அதுக்குள்ள புடிச்சிக்கணும்."

பன்னிரண்டு மணிக்கு மாமியார் வந்து இறங்குகிற பஸ். மீனை அரிந்து குழம்பு கொதிக்க ஒரு மணி நேரமாவது வேண்டும். மனதுக்குள் கூட்டிப் பார்த்தேன். சரியாக வந்தது. ஒரு நிமிஷம்கூட மிச்சம் இல்லை.

காத்திருந்தோம். புகை மெல்ல நிமிர்ந்தது. அல்லி இலைகள் படுத்தன. அந்த நேரம் பார்த்துக் கரைமேல் மணி ஓசை கேட்டது. பால்காரர் எருமைகளை ஓட்டிக்கொண்டு வந்தார். தினமும் அவை இறங்குகிற இடம் அதுதான். எருமை இறங்கினால் தண்ணீர் கலங்கிவிடும். விரால் அந்தப் பக்கமே அன்று வராது.

நான் எழுந்திருக்குமுன் மச்சான் கரைமேல் ஏறிவிட்டார்.

"ண்ணா, கொஞ்ச நேரம் புடிச்சி நிறுத்துணா."

"ஏம்பா, ஏரிய நீ வாங்கிட்டியா?"

"இல்லணா. மாமியார் வருது."

"யார் மாமியாரு?"

"இவரு மாமியாரு. எங்கம்மா. மொத தபா வருது. வெரால் ஆக்கணும்."

பால்காரர் என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன். அவருக்கும் மாமியார் உண்டு. எருமைகளின் முன்னால் போய்க் கோலைக் குறுக்கே பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார்.

"சட்டுனு முடிங்கபா" என்றார். "இதுங்களும் மாமியார் ஜாதிதான். ரொம்ப நேரம் சும்மா நிக்காது."

காற்று நின்றது. ஏரி எண்ணெய் ஊற்றின மாதிரி ஆனது. நான் அதைவிட நல்ல தண்ணீரைப் பார்த்ததில்லை.

முதல் வட்டம் மச்சானுக்கு நேரே விழுந்தது. கையைக் காட்டினேன். தவளையை அதன்மேல் போட்டார். தண்ணீர் சட்டென்று குழிந்தது. அவர் அதே வேகத்தில் மூங்கிலை இழுத்தார். கால் இல்லாத தவளை பறந்து வந்து பால்காரர் காலடியில் விழுந்தது.

"கடிச்சா ஒடனே இழுக்கக் கூடாது மச்சான். முழுங்க வுடணும்."

"முன்னாடியே சொல்றதுக்கு இன்னா? எல்லாத்தையும் உள்ளயே வெச்சிக்க."

"நல்லா இழுத்தபா" என்றார் பால்காரர். "எருமையே பயந்துடுச்சி."

அடுத்த வட்டம் அல்லிக்கு அந்தப் பக்கம். நான் போட்டேன். விரால் எடுத்தது. தூண்டில் நரம்பு தளர்ந்து, பிறகு மெல்ல ஓரமாக நகர்ந்தது. கையை அசைக்காமல் இருந்தேன். அது நின்று முழுங்குகிற நேரம்தான் கஷ்டம். மூச்சுகூட விடத் தோன்றாது. நரம்பு மறுபடி நகர்ந்தபோது தூக்கினேன். முழங்கை நீள விரால். புல்லில் விழுந்து பாம்பு மாதிரி ஓடப் பார்த்தது. மச்சான் இரண்டு சட்டையோடு அதன்மேல் விழுந்து அமுக்கினார். ஈரச் சாக்கில் போட்டோம்.

ஒன்று போதாது. நாலு பேர் சாப்பிட வேண்டும். தவளையும் ஒன்றுதான் மிச்சம். மச்சானே அதை மாட்டினார். இன்னொரு வட்டம், அவர் பக்கமே. போட்டார். எடுத்தது. உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றார். அவருடைய கை தானாக இழுக்கப் போவதும் அவர் அதை அடக்குவதும் தெரிந்தது.

"வுடு, இன்னும் வுடு" என்றார் பால்காரர், தான் எருமையை அடக்கிக்கொண்டே. "அவசரப்படாத. வுடு. எங்க போய்டப் போவுது."

"நீ பேசாம இருணா. எனக்கு வேர்க்குது."

"இப்ப" என்றேன்.

தூக்கினார். என்னுடையதைவிடப் பெரியது. அதை அவர் இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறார்.

முன்னால் நின்ற எருமை பால்காரரைத் தள்ளிக்கொண்டு தண்ணீரில் இறங்கியது. மற்றவையும் இறங்கின. அப்போதே என் முதுகில் காற்று பட்டது. கிழக்கிலிருந்து. மச்சான் திரும்பிப் பார்த்து, "வந்துடுச்சி" என்றார். தெரிந்தவர் வந்த மாதிரிச் சொன்னார்.

வீட்டில் மனைவி சின்ன விராலை அப்போதே சாம்பல் போட்டுத் தேய்த்து அரிந்துவிட்டாள். பெரியதை அண்டாத் தண்ணீரில் விட்டு மேலே முறத்தைப் போட்டாள். "எங்கம்மா பாக்கட்டும்" என்றாள்.

மாமியார் வந்தார். கையில் ஒரு கூடை. மேலே ஈரத்துணி. துணியை எடுத்தால் சங்கரா மீன். தனக்குச் சாப்பிட மீன் கொண்டுவந்திருந்தார். மனைவி அதைப் பார்த்தாள். வாங்கி மூலையில் வைத்தாள்.

"இன்னா மீனு ஆக்கிகினு கீற?"

"அண்டாவுல கீது, போய்ப் பாரு."

மாமியார் முறத்தை எடுத்தார். செவுளைத் தூக்கிப் பார்க்கக் கையை விட்டார். விரால் ஒரு அடி அடித்தது. முகமெல்லாம் தண்ணீர். நாங்கள் யாரும் சிரிக்கவில்லை. கஷ்டமாக இருந்தது.

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"உசுரோட கீது" என்றார்.

"ஆமா" என்றாள் மனைவி.

பிறகு அதையும் அரிந்து குழம்பில் போட்டாள். மாமியார் பக்கத்திலேயே நின்றார். புளி போதுமா என்று பார்த்தார். போதும் என்று அவரே சொன்னார்.

சாப்பிடும்போது நான் மாமியார் தட்டைப் பார்க்கவில்லை. மருமகன் பார்ப்பது மரியாதை இல்லை. எனக்கும் மச்சானுக்கும் தலையும் வாலும் வந்தன. மாமியார் பேசாமல் சாப்பிட்டார். நடுவில் ஒரு தரம், "முள்ளு கம்மி" என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. சங்கரா மூலையிலேயே இருந்தது. பால்காரர் வீட்டுக்கு ஒரு கிண்ணம் குழம்பு போனது.

சாயங்காலம் இரண்டு பேரையும் பஸ் ஏற்றிவிட்டு வந்தேன். மனைவி பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"சேறு நாறுதுன்னு சொன்னுச்சா?" என்றேன்.

"வாயத் தொறந்து ஒண்ணும் சொல்லல."

விரால் துண்டுக்கு நடுவில் ஒரே ஒரு முதுகெலும்புதான் இருக்கும். தின்றவர்கள் அதை மட்டும் தட்டின் ஓரத்தில் எடுத்து வைப்பார்கள். மாமியார் எழுந்து கை கழுவப் போனதும் மனைவி அந்தத் தட்டைக் கையில் எடுத்து எலும்பை எண்ணியிருக்கிறாள். எத்தனை என்று கேட்டேன்.

"ஏழு."