பென்சில்வேனியாவுக்குப் போட்ட மொட்டை

எங்கள் வட்டாரக் கவுன்சிலர் ஆணா பெண்ணா என்றுகூட எனக்குத் தெரியாது. உலகத்தின் தென்கோடித் தீவு நாட்டில், வெஸ்ட்கேட் என்ற இந்தப் புறநகரில் வீடு வாங்கி எட்டு வருடம் ஆகிறது. ஆனால் அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தின் எந்த மாவட்டத்தில் ஓட்டு எண்ணத் தாமதமாகும், எது கடைசி நேரத்தில் காலை வாரும் என்பதெல்லாம் அத்துப்படி. போன அதிபர் தேர்தலில் அங்கே என் தலைமுடி களத்தில் நின்றது.

என் மனைவியின் தம்பி அந்த மாநிலத்தில்தான் வேலை விசாவில் இருக்கிறான். ஊருக்குப் போனால் திரும்பி வர விசா முத்திரை கிடைக்காதோ என்று பயந்து ஆறு வருடமாக ஊர்ப்பக்கம் போகவில்லை. சிவப்புக் கட்சி ஜெயித்தால் இவனைப் போன்றவர்களை மூட்டை கட்டி அனுப்பிவிடுவார்கள் என்று யாரோ வாட்ஸப்பில் கிளப்பிவிட, என் மனைவி மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. நான்காம் நாள் முகம் தெளிந்திருந்தது. பென்சில்வேனியா நீலக் கட்சிக்கு விழுந்தால் முருகனுக்கு மொட்டை போடுவதாக வேண்டிக்கொண்டாளாம்.

"யாருக்கு மொட்டை?"

"உங்களுக்குத்தான்."

"உன் தம்பிக்காகன்னா உன் தம்பிதானே போடணும்?"

"அவனுக்குப் பொண்ணு பாக்கறோம்ல."

"சரி, ஏன் பென்சில்வேனியா மட்டும்?"

"அதுதான் முடிவு பண்ணும்னு டிவில சொல்றாங்க. மொத்த அமெரிக்காவையும் கேட்டா முருகனுக்குக் கஷ்டம்ல?"

எனக்கு நாற்பத்தேழு வயது. கூடப் படித்தவர்களெல்லாம் தொப்பி போட ஆரம்பித்துவிட்டார்கள். என் தலையில் மட்டும் சீப்பு இன்னும் சிக்கிக்கொள்கிறது. அழகென்று சொல்லிக்கொள்ள என்னிடம் இருப்பது அது ஒன்றுதான். அதைக் கேட்காமலேயே எடுத்து அதிபர் தேர்தலில் பணயம் வைத்துவிட்டாள்.

எங்கள் கடிகாரத்தில் புதன்கிழமை மதியம் இரண்டு மணிக்கு, அங்கே செவ்வாய் இரவு, வாக்குப்பதிவு முடிந்தது. நகர மையத்தில் இருக்கும் எங்கள் ஆபீஸில் நான் ஒரு கண்ணில் வேலையும் மறு கண்ணில் வரைபடமுமாக உட்கார்ந்திருந்தேன். பக்கத்து மேசை நண்பர் யாழ்ப்பாணத்துக்காரர். விஷயம் முழுக்க அவருக்குத் தெரியும்.

"அண்ணை, நீங்கள் இப்ப ஆரின்ர பக்கம்? மச்சானுக்கோ, தலைக்கோ?"

"ரெண்டுக்கும்தான்."

"அது ஏலாது."

ஏலாதுதான். ஒரு மாவட்டம் சிவப்பாகும்போதெல்லாம் மைத்துனனை நினைத்து 'த்சொ' என்றேன். கை மட்டும் தானாகப் போய்த் தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டது. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. அன்று சாயங்காலம் நான் பாதிக்கு மேல் என் முடியின் கட்சியில்தான் இருந்தேன்.

இரவுச் சாப்பாட்டை முடித்துக் கை கழுவும்போது முடிவு வந்தது. பென்சில்வேனியா சிவப்பு. மனைவி சோபாவில் சாய்ந்து அழுதாள். நான் முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு குளியலறைக்குள் போய்த் தலை வாரிக்கொண்டேன். திரும்பி வந்தபோது திருச்சியிலிருந்து மாமியார் ஸ்பீக்கர் போனில் இருந்தார். ஆறுதல் சொல்லத்தான் கூப்பிட்டிருக்கிறார் என்று நினைத்தேன். குரலில் கல்யாண வீட்டுக் குதூகலம்.

"முருகன் கண்ணத் தொறந்துட்டான்டி! இனிமே அவங்களே என் புள்ளைய அனுப்பி வச்சிருவாங்க. அந்த ஊரு சிவப்புக்கு விழணும்னு வேண்டிக்கிட்டேன். மாப்பிள்ளைக்கு மொட்டை போடறேன்னு சொல்லியிருக்கேன்."

மனைவி அழுவதை நிறுத்திவிட்டு என் தலையைப் பார்த்தாள்.

"அத்தை, உங்க பையன் தலைய வேண்டிக்கிட்டிருக்கலாமே?" என்றேன்.

"அதெப்படி மாப்பிள்ளை? அவனுக்குப் பொண்ணு பாக்கறோம்ல?"

ஆக, அந்த மாநிலத்து மக்கள் எப்படிக் குத்தினாலும் வெட்டு எனக்குத்தான். இது தெரியாமல் மதியம் முழுக்க மாவட்டம் மாவட்டமாக எண்ணிக்கொண்டிருந்திருக்கிறேன்.

தைப்பூசத்தன்று லீவு போட்டுவிட்டு நகரின் தென்பக்கம் ஒடாஹுஹுவில் ஒரு முடிதிருத்தும் கடைக்குப் போனேன். கடைக்காரர் மெஷினை எடுத்துக்கொண்டே, இங்கே பலரும் மொட்டை போடுவதுபோல் புற்றுநோய்க்கு நிதி திரட்டவா என்று கேட்டார். இல்லை, பென்சில்வேனியா என்றேன். அவர் மெஷினை ஓட விட்டார். இந்தப் பக்கத்துக் கோடையான பிப்ரவரி வெயில் உச்சந்தலையில் இறங்கியதும், சந்தனத்துக்கு மேல் சன்ஸ்க்ரீன் பூசினாள் என் மனைவி.

அதற்குள் அமெரிக்காவில் புது அதிபர் பதவியேற்றிருந்தார். மைத்துனனை யாரும் அனுப்பவில்லை. வெளியே போனால் திரும்ப உள்ளே விடுவார்களோ என்று அவனே பயந்துபோய், பக்கத்து நாட்டுக்குக்கூடப் போவதில்லை என்று இருந்துவிட்டான். சித்திரையில் வந்து பெண் பார்ப்பதாகச் சொல்லியிருந்ததும் ரத்து. முருகன் மாமியாருக்கு மாநிலத்தைக் கொடுத்துவிட்டார். பிள்ளையைக் கொடுக்கவில்லை.

அன்று வீடியோ காலில் மாமியாருக்கு மொட்டையைக் காட்டினேன். நாக்கைப் பிடுங்குகிற மாதிரி நாலு வார்த்தை கேட்க வேண்டும் என்றுதான் உட்கார்ந்திருந்தேன். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். கண் கலங்கியிருந்தது. எனக்கு இருந்த கோபமெல்லாம் போய்விட்டது.

"அங்க அடுத்த எலெக்ஷன் எப்ப மாப்பிள்ளை?"

"நாலு வருஷம் ஆகும் அத்தை."

"அதுக்குள்ள உங்களுக்கு முடி வளந்துரும்ல?"

வளர்ந்துவிடும் என்றேன்.