கிள்ளி வீடு

பூதலூர்ப் பக்கம் எங்கள் தெருவில் ஒரு அத்தை இருக்கிறார். சிறுமியாக இருந்தபோது இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து குடும்பத்தோடு இங்கே அனுப்பப்பட்டவர். அங்கேயே தங்கிவிட்டவர்களையும் இங்கே வந்தவர்களையும் சேர்த்து நான் ஒரு படம் எடுத்துக்கொண்டிருந்தேன். இரண்டு நாட்டிலும் காட்டப்போகிற படம். கேமரா முன்னால் எல்லோரும் சொல்வதையே அவரும் சொன்னார்: கப்பல், முகாம், அழுகை. கேமராவை மூடிய பிறகுதான் இதைச் சொன்னார்.

வந்த புதிதில் நாற்றங்காலில் இறக்கிவிட்டு, "பறி" என்றார்களாம். அவருக்குத் தெரிந்ததெல்லாம் தேயிலைக் கொழுந்து பறிப்பது. நாற்றை வேரோடு பிடுங்காமல் நுனியை மட்டும் நறுக் நறுக்கென்று கிள்ளி முதுகுப் பக்கம் போட்டிருக்கிறார், கூடை இருக்கிற நினைப்பில். அன்றிலிருந்து அவர்கள் வீடு கிள்ளி வீடு.

சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. படமே அதில்தான் இருந்தது.

"அத்தை, இத அப்படியே கேமராவுல சொல்லுங்க."

"வேணாம்ப்பா. அந்தப் பேரு இப்பத்தான் அழிஞ்சிருக்கு. வேணும்னா அங்க தோட்டத்துல மட்டும் போட்டுக் காட்டு. அவங்க சிரிச்சா அது வேற சிரிப்பு."

"அங்க போட்டா மறுநாளே இங்க போன்ல வந்துடும் அத்தை."

"அப்ப விடு."

விட முடியவில்லை. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். படித்துவிட்டு என்ன செய்கிறேன் என்பது அம்மாவுக்கு இன்னும் பிடிபடவில்லை. "கல்யாண வீடியோ எடுத்தாலாவது சோறு போடுவாங்க" என்பார். சாப்பிட்டாலும் படுத்தாலும் கிள்ளிய நுனிகளே கண்ணில் நின்றன. சொல்லாமல் சேர்த்துவிடலாமா, வேறு ஆள் குரலில் வைக்கலாமா? எதுவும் சரியாகப் படவில்லை.

கடைசியில், நாற்று பறிப்பதை மட்டும் எடுக்கச் சம்மதித்தார். "ஒழுங்கா பறிக்கிறத எடு." கை மளமளவென்று ஓடியது. வேர்ச் சேற்றைத் தண்ணீரில் அலசி கைப்பிடி கைப்பிடியாகச் சேர்த்து முடி முடியாகக் கட்டிப் போட்டார். பக்கத்தில் குனிந்திருந்த என் அம்மா நிமிர்ந்தார்.

"என்ன அண்ணி, இன்னைக்கு வேரோட வருது?"

வயலே சிரித்தது. ஒருத்தரும் மறந்திருக்கவில்லை.

"ஓடுதா அது?" என்று அத்தை கேமராவைப் பார்த்தார்.

"ஓடுதுங்க... நிறுத்திடவா?"

அத்தை கட்டிய முடியிலிருந்து ஒரு நாற்றை உருவி, நுனியைக் கிள்ளி அம்மாவிடம் நீட்டினார்.

"கூடை கூடையா கொழுந்து பறிச்ச கைடி இது. உனக்கு இப்படிக் கிள்ள வருமா? கிள்ளு பாப்போம்."

அம்மா ஒரு நாற்றைப் பிடித்துக் கிள்ளினார். பாதி நாற்று கிழிந்து கையோடு வந்துவிட்டது.

அத்தை என் பக்கம் திரும்பினார். "இத எடுத்தியாப்பா?"