தடியனும் ஒல்லியனும் என் சின்ன விரலும்

எங்கள் இசைக்குழுவில் நான் ஒரு வருடம் சும்மா நின்றிருக்கிறேன். சும்மா என்றால் கையில் பேஸ் கிற்றாரோடுதான். கறுப்புச் சட்டை போட்டு, தாளத்துக்குத் தலையை ஆட்டி, விரல்களைத் தந்திகளின் மேல் அங்குமிங்கும் ஓடவிட்டுக்கொண்டு நிற்பேன். கிற்றாரின் சத்தத்தை மட்டும் எனக்கே கேட்காத அளவுக்குக் குறைத்து வைத்திருப்பேன். பாட்டுக்கு அடியில் ஓடிய பேஸ் முழுவதையும் கீபோட்டில் இடக்கையால் வாசித்தது என் மச்சான். மாமாவின் மகன். குழுவும் அவனுடையதுதான்.

அவனைக் குறை சொல்ல முடியாது. அதற்கு முந்திய காலபோக நெல் அறுவடையில் கதிர் சூடடிக்கிற மெசினின் பெல்ற் என் இடக்கையைப் பிடித்துக்கொண்டது. கை தப்பியது. மோதிர விரல் மெல்ல மெல்லச் சொன்னபடி கேட்கத் தொடங்கியது. சின்ன விரல் பாதி மடங்கியபடியே நின்றுவிட்டது. நீட்டு என்றால் நீளாது. "கை சுகமாகும் மட்டும் நான் சமாளிக்கிறன் மச்சான்" என்றான் அவன். அன்பாகத்தான் சொன்னான். ஆனால் அவனுடைய இடக்கை அந்த வேலைக்கு நன்றாகப் பழகிவிட்டது, என் வேலை படத்துக்கு நிற்பது என்று ஆகிவிட்டது. கலியாண வீடு, கோயில் திருவிழா, தேவாலயப் பெருநாள், எங்கே போனாலும் யாராவது ஒருவர் வந்து கை கொடுத்து "நல்ல வாசிப்பு" என்பார். அதைக் கேட்கும்போதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

சித்திரை வருடப்பிறப்புக்கு எங்கள் நறுவிலிக்குளத்தில் விளையாட்டு விழா வைப்பார்கள். பின்னேரம் கயிறிழுத்தல் முடிந்ததும் எங்கள் குழு வாசிக்கும். அந்த மேடையில் உண்மையாகவே வாசிப்பது, முடியாவிட்டால் அன்றோடு குழுவை விட்டு விலகுவது என்று மனதுக்குள் முடிவு கட்டினேன். மனைவியிடம் மட்டும் சொன்னேன். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

"விலகுறதுக்கு முதல் ஒருக்கா வாசிச்சுப் பாருங்கோவன்" என்றாள். அவ்வளவுதான்.

பழைய கிற்றாரில் வாசிக்க வழியில்லை. வெயிலும் உப்புக் காற்றும் சேர்ந்து அதன் கழுத்தை வளைத்துவிட்டன. நல்ல கை இருக்கிறவனே தந்தியை அமத்தக் கஷ்டப்படுவான். அதனால் மன்னாருக்குப் போனேன். அங்கே உப்புக்குளத்தில் சவுண்ட் சிஸ்டம் வாடகைக்கு விடுகிற நானா ஒருவர் இருக்கிறார். என் வயதுதான் இருக்கும், ஆனாலும் அண்ணன் என்ற முறையில் ஊருக்கே அவர் நானா. எங்கள் மேடைகளுக்கு வழக்கமாகச் சவுண்ட் போடுவதும் அவர்தான். வெளிநாட்டிலிருந்து யாரோ அனுப்பிய இரண்டு பேஸ் கிற்றார்கள் அவருடைய கடைச் சுவரில் தொங்கின.

பேஸ் வாசிக்கிறவர்களுக்கு இந்த இரண்டு சாதியையும் தெரியாமல் இருக்காது. ஒன்றை 'பி' என்பார்கள், மற்றதை 'ஜே' என்பார்கள். பி மூத்தது. கழுத்து அகலம். தந்தியின் அதிர்வைப் பிடிக்கும் காந்தச் சுருள் நடுவில் ஒரே இடத்தில் இருக்கும். சத்தத்தைக் கூட்டிக் குறைக்கவும் ஒரே குமிழ்தான். வாசித்தால் நெல் மூட்டையை நிலத்தில் இறக்கியது போல 'தொம்' என்று விழும். ஜே அதற்குப் பிறகு வந்தது. அதன் கழுத்து தலைப்பக்கம் போகப் போக ஒடுங்கும். சுருள் இரண்டு இடத்தில், ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு குமிழ். சத்தம் கொஞ்சம் மெலிவு, ஆனால் ஒவ்வொரு சுரமும் தனித்தனியாக, எழுதி வைத்தது போலக் கேட்கும்.

நான் பி கட்சி. இந்த விசயத்தில் எங்கள் ஆட்கள் தேர்தலை விட மோசமாகக் கட்சி கட்டுவார்கள். ஜே வாசிக்கிறவன் எவனைக் கண்டாலும் "என்ன, பேஸ் வாசிக்கிறியோ, வீணை மீட்டுறியோ?" என்று பகிடி பண்ணாமல் நான் விட்டதில்லை.

நானா என் கையைப் பார்த்தார். பிறகு சுவரைப் பார்த்தார். "ரெண்டையும் கொண்டு போங்க. விளையாட்டு விழாவுக்கு நான்தானே சவுண்ட் போட வாறன். வேணாததை அண்டைக்கு என்ட லொறியில ஏத்தி விடுங்க" என்றார். ஜேயை உறைக்குள் வைத்து மூடும்போது இன்னொன்றும் சொன்னார். "இதில ஒரு குணம் இருக்கு. ரெண்டு குமிழையும் ஒரே அளவா வையுங்க. ஒண்டைக் குறைச்சா இரையும்."

"தெரியும் நானா" என்றேன். தெரியாது. ஆனால் ஜேயைப் பற்றி எனக்கு யாரும் வகுப்பெடுக்கத் தேவையில்லை என்று நினைத்தேன். எப்படியும் லொறியில் ஏறப்போகிற சாமான்தானே.

இரண்டையும் முதுகில் கட்டிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் மன்னார்த் தீவுப் பாலத்தைக் கடந்தபோது காற்று என்னைத் தூக்கிக் கடலில் போடப் பார்த்தது. வீட்டுக்கு வந்து உறைகளைத் திறந்ததும் மனைவி பியின் கழுத்தை ஒரு கையாலும் ஜேயின் கழுத்தை மறு கையாலும் பிடித்துப் பார்த்துவிட்டு, "இது தடியன், இது ஒல்லியன்" என்று பேர் வைத்துவிட்டாள். அதன் பிறகு எங்கள் வீட்டில் பியும் இல்லை, ஜேயும் இல்லை.

எங்களுக்குள் ஒரு விளையாட்டு உண்டு. கலியாணம் கட்டிய புதிதில் தொடங்கியது. ஒரு பாட்டின் பேஸை மட்டும் நான் வாசிப்பேன். மெட்டும் கிடையாது, சொல்லும் கிடையாது. அது என்ன பாட்டு என்று அவள் சொல்ல வேண்டும். அவள் ஒருநாளும் தோற்றதில்லை. அவள் தமிழ்நாட்டில் அகதி முகாமில் பிறந்து வளர்ந்தவள், பெரிய பிள்ளையான பிறகுதான் குடும்பத்தோடு இங்கே திரும்பி வந்தாள். முகாம் மதிலுக்கு அந்தப் பக்கம் ஒரு கலியாண மண்டபம் இருந்ததாம். "பாட்டு எங்கட பக்கம் வந்து சேராது. மதிலுக்குள்ளால தும் தும் எண்டு இது மட்டும்தான் வரும். அதை வச்சே என்ன பாட்டெண்டு பிடிச்சிருவம். பிரியாணி மணமும் வரும், அதுதான் பெரிய கொடுமை" என்பாள். இசைக்குழுவில் பாடுகிறவனைப் பார்த்து மயங்குகிற பெண்கள் இருக்கிறார்கள். பேஸைக் கேட்டு மயங்கிய ஒருத்தி எனக்குக் கிடைத்தாள் என்று எனக்கு அந்த நாளிலேயே பெரிய பெருமை. கையில் காயம் பட்ட பிறகு நாங்கள் அதை விளையாடவில்லை. அவளும் கேட்கவில்லை.

அடுத்த நாள் பின்னேரம் விறாந்தையில் அம்ப் பெட்டியை வைத்துத் தடியனின் வயரை அதில் கொழுவினேன். மாடு, வெட்டிய நெல்வயலின் அந்தக் கடைசித் தொங்கலில் மேய்ந்துகொண்டிருந்தது. "நான் மாட்டை அவிட்டுக்கொண்டு வாறன். அங்க நிண்டு கேக்கிறன், வாசியுங்கோ" என்று அவள் வரம்பில் இறங்கி நடந்தாள்.

வாசித்தேன். என்ன சொல்ல, நெஞ்சு நிறைந்துவிட்டது. பழைய சத்தம், என் சத்தம். அந்த அகலக் கழுத்தில் என் சின்ன விரல் எட்டாத இடங்கள் நிறைய இருந்தன. ஆனால் தடியனின் முழக்கம் ஒரு சுரத்திலிருந்து அடுத்த சுரத்துக்கு வழிந்து ஓடி அந்த ஓட்டைகளை மூடிவிட்டது. ஒருத்தருக்கும் விளங்காது என்று எனக்குப் பெரிய நிம்மதி.

"என்ன பாட்டு?" என்று கத்தினேன்.

வயலுக்கு அந்தத் தொங்கலில் அவள் மாட்டுக் கயிறோடு நின்றாள். இன்னொருக்கா என்று கையைக் காட்டினாள். இன்னொருமுறை வாசித்தேன்.

"தெரியலைங்க!" என்று குரல் வந்தது.

பதற்றம் வந்தால்தான் அவளுக்கு முகாம் தமிழ் வரும். வேறொரு பாட்டை வாசித்தேன். அதுவும் தெரியலைங்க. எனக்குக் கோபம் வந்துவிட்டது. காற்று அந்தப் பக்கம் போகவில்லை என்றேன். அம்ப் சரியில்லை என்றேன். உனக்குக் காது போய்விட்டது என்றும் கத்தினேன். கத்திய சூட்டோடு தடியனைக் கழற்றிவிட்டு ஒல்லியனைக் கொழுவி, முதல் வாசித்த பாட்டையே வாசித்தேன். அதுவும் அவளுக்குத் தெரியாமல் போகட்டும் என்றுதான் கொழுவினேன்.

கழுத்து ஒடுக்கம் என்பதால் வளைந்த விரல் வளைந்தபடியே போய்த் தந்தியில் குந்தியது. நான் நீட்டச் சொல்லவே தேவைப்படவில்லை. நாலு அடி முடியவில்லை, அங்கிருந்து அவள் அந்தப் பாட்டைப் பாடவே தொடங்கிவிட்டாள். பாடிக்கொண்டே வரம்பில் வந்தாள். நடுவில் நிறுத்தி, அயலட்டை எல்லாம் கேட்கும்படி, "ரெண்டாம் அடியில ஒரு சுரம் விட்டிட்டியள்!" என்றாள்.

"அப்ப தடியனில ஒண்டும் விடேல்லை, என்ன?" என்று கேட்டேன்.

"அதில எத்தினை விட்டனீங்கள் எண்டு எனக்கே பிடிபடேல்ல. எல்லாம் ஒண்டாக் குழைஞ்சு கிடந்தது."

"பிறகென்ன, அதுதான் நல்லது. உனக்கே தெரியேல்லயெண்டால் மேடையில ஆருக்குத் தெரியப்போகுது?"

அவள் மாட்டைக் கட்டையில் கட்டினாள். முடிச்சை இறுக்கிவிட்டு நிமிர்ந்தாள். "ஒரு வருசமா மச்சான்ர கீபோட்டுக்குப் பின்னால ஒளிச்சது காணாதெண்டு இனிக் கிற்றாருக்குப் பின்னாலயும் ஒளிக்கப் போறியளோ?"

அடுத்த நாள் மத்தியானம் வரைக்கும் நான் அவளோடு பேசவில்லை. மீன் குழம்பைக் கூட வாய் திறக்காமல்தான் சாப்பிட்டேன், அதைப் பாராட்டாமல் விட்டது இன்றைக்கும் கவலை. ஆனால் உறைக்குள் போய்க் கிடந்தது தடியன்தான். விழா வரும் வரை ஒல்லியனை மடியில் வைத்துக்கொண்டு, விடுகிற சுரங்களை ஒவ்வொன்றாகத் தேடிப் பிடித்தேன்.

விழாவுக்கு இரண்டையும் கொண்டுபோனேன். எதற்கும் தடியன் பக்கத்தில் இருக்கட்டும் என்று மேடைக்குப் பின்னால் சாய்த்து வைத்தேன். மச்சானிடம் "இண்டைக்குப் பேஸ் நான் வாசிக்கிறன், நீ இடக்கையை எடு" என்றேன். அவன் என் விரலைப் பார்த்துவிட்டு "பாப்பம் மச்சான்" என்றான். அந்தப் 'பாப்பம்' எனக்குப் பிடிக்கவில்லை.

கயிறிழுத்தல் முடிந்தது. ரைக்ரருக்குப் பின்னால் இழுத்துவந்த பெட்டியில் இருந்த ஜெனறேற்றரை இயக்கினார்கள். சித்திரை வெயிலில் நிலம் காய்ந்து கிடந்தால் எர்த் சரியாகப் பிடிக்காது என்று நானா எர்த் கம்பியைச் சுற்றி உப்புத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். குமிழ்கள் எந்த அளவில் நிற்கின்றன என்று பார்க்காமலே நான் ஒல்லியனைக் கொழுவியதும் ஸ்பீக்கரெல்லாம் குளவிக் கூடு கலைந்தது போல இரைந்தது. மைதானத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பழக்க தோசத்தில் ஒரு குமிழைக் குறைத்தேன். இரைச்சல் இன்னும் கூடியது. மச்சான் இடக்கையைக் கீபோட்டில் வைத்துத் தயாரானான்.

தடியன் இரையாது. அதை எடுப்போம் என்று பின்னால் திரும்பினேன். சாய்த்து வைத்த இடத்தில் அது இல்லை. தேடிய கண்ணில் நானாவின் லொறி பட்டது. லொறியின் பின் தட்டில் என் மனைவி காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு இருந்தாள். தடியன் உறையோடு அவளுக்குப் பின்னால், ஏற்றி முடிந்து, கயிற்றால் கட்டியும் முடிந்திருந்தது. நான் கையை நீட்டினேன். அவள் தலையை ஆட்டினாள், இல்லை என்று.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. ஊருக்கு முன்னால் என்னை மாட்டிவிட்டாளே என்று இரண்டு குமிழையும் முழுதாகத் திருகிவிட்டேன். இரைந்தால் இரையட்டும் என்றுதான் திருகினேன். இரைச்சல் சட்டென்று நின்றது. இரண்டையும் ஒரே அளவாக வைக்கும்படி கடையில் நானா சொன்னது அப்போதுதான் எனக்கு மண்டையில் ஏறியது. அவர் உப்புத் தண்ணீர்ப் போத்தலை மூடிக்கொண்டிருந்தார், என்னைப் பார்க்கவேயில்லை.

முதலில் பிள்ளையார் பாட்டு. நானும் வாசித்தேன், மச்சானின் இடக்கையும் வாசித்தது. ஒரு சைக்கிளை இரண்டு பேர் மிதித்தது போல இருந்தது. நான் விடவில்லை. இரண்டாவது பாட்டு வேகமானது. அதன் நடுவில் ஒரு சுரத்தை விட்டேன், அது எனக்கும் தெளிவாகக் கேட்டது. வெட்கமாக இருந்தது, ஆனால் அடுத்த சுரம் வந்துவிட்டதே, அதைப் பிடித்தேன். பிறகு அடுத்ததை. சரணத்துக்குப் போகும்போது மச்சானின் பக்கம் பார்த்தேன். அவனுடைய இடக்கை கீபோட்டில் இல்லை. கீழே குனிந்து சோடாப் போத்தலை எடுத்து, வலக்கையால் வாசித்தபடியே, இடக்கையால் ஆற அமரக் குடித்துக்கொண்டிருந்தான். கடைசிப் பாட்டு வரைக்கும் அந்தக் கையில் போத்தல்தான் இருந்தது.

திரும்பி வரும்போது ஒல்லியனை முதுகில் கொழுவிக்கொண்டு மனைவி எனக்குப் பின்னால் மோட்டார் சைக்கிளில் இருந்தாள். நான் இன்னும் கோபமாக இருப்பது போல நடித்துக்கொண்டு வண்டியை ஓட்டினேன்.

"ரெண்டாம் பாட்டில நடுவில ஒரு சுரம். மூண்டாம் பாட்டில சரணத்தில ஒரு இடம். கடைசிப் பாட்டில தொடக்கத்திலயே ஒண்டு" என்றாள்.

"உனக்கு லொறியடியில அதெல்லாம் கேட்டதோ?"

"லொறியடியில என்ன? மதிலுக்கு அந்தப் பக்கம் நிண்டிருந்தாலும் கேட்டிருக்கும்."

என் பிழைகளை இவ்வளவு சந்தோசமாக நான் ஒருநாளும் கேட்டதில்லை. மோட்டார் சைக்கிளை மெதுவாக்கி, வேறு எங்கே எல்லாம் விட்டேன் என்று கேட்டேன்.