எட்டு இதழ் மேசை

எங்கள் சாவகச்சேரி வீட்டு விறாந்தையில் ஒரு வட்ட மேசை இருந்தது. தன் நாட்டுக்கே திரும்பிப் போன வெள்ளைக்கார நீதவான் ஒருவரிடம் என் தகப்பனார் வாங்கியது. இங்கிலாந்தில் ஈட்டி என்கிற நூக்கமரத்தில் செய்த மேசை. ஒரே தூண், மூன்று பாதங்கள். மேற்பலகையில் நடுவிலிருந்து விளிம்புக்கு விரியும் எட்டு இதழ்கள். பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிற நான், முழு நூக்கமரம் என்று வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

கரையில் ஷெல் விழத் தொடங்கியபோது குருநகரிலிருந்து ஒரு குடும்பம் வந்து எங்கள் வளவில் தங்கியது. தகப்பன் வள்ளம் கட்டும் ஓடாவி. மகளின் கலியாணப் பூசையை எங்கள் மாமரத்தடியில் வைக்க ஃபாதர் சம்மதித்திருந்தார். ஃபாதர் பூசை வைக்கும் பீடத்துக்கு அந்த மேசையைக் கேட்டார் ஓடாவி. கொடுத்துவிட்டேன், கீறல் விழுமே என்ற கவலையில் சரியாகச் சாப்பிடவும் முடியவில்லை.

கலியாணத்துக்கு முதல்நாள், மீன், இறைச்சி என்று மச்சம் வைத்துச் சாப்பிட்ட மேசையில் சுவாமி காரியம் எப்படிச் செய்வது என்று, என் மனைவி அதை மஞ்சள் தண்ணீர் ஊற்றிக் கழுவி வெயிலில் வைத்துவிட்டார். நான் போய்ப் பார்த்தபோது ஐந்து இதழ்கள் கிளம்பி நின்றன. அடியில் வேறு மரம். நூக்கமரம் பனையோலைத் தடிப்பில் ஒரு தோல் மட்டும்தான்.

"முழு மரம் எண்டெல்லோ சொன்னியள், மாஸ்டர்! உவன் வெள்ளைக்காரன் மரத்துக்குச் சட்டை போட்டு விட்டிருக்கிறான்" என்று சிரித்த ஓடாவியின் முகம் உடனே சுருங்கியது. "ஆணி அடிச்சாப் பிளந்துபோடும். நாளைக்கு என்ரை பிள்ளைக்கு என்னத்தைப் பீடமா வைக்கிறது?"

குனிந்து முகர்ந்தார். "வச்சிரப் பசை. சூடு பட்டால் இளகும்."

"அப்ப அயன் பண்ணுவம்" என்றார் மனைவி. "கழுவினது நான்தானே."

சிரட்டைக்கரி போட்ட அயன்பெட்டியைத் துணிக்கு மேலால் இதழிதழாக ஓட்டினார். பின்னாலேயே ஓடாவி மரக்கட்டையால் அழுத்தினார். ஒட்டிய இதழ்களை எண்ணிக்கொண்டு நான் "மெல்ல, மெல்ல" என்றேன்.

"இஞ்சேருங்கோ, நீங்கள் பேசாமல் உங்கடை எண்ணுற வேலையைப் பாருங்கோ" என்றார் மனைவி.

எண்ணினேன். அப்போதுதான் கண்ணில் பட்டது: ஒரே கணு எட்டு இதழ்களிலும் இருந்தது. ஒரே கட்டையை அடுத்தடுத்துச் சீவி, கோடு தப்பாமல் விரித்து ஒட்டியிருக்கிறான் முகம் தெரியாத அந்தத் தச்சன். அவன் பூசிய பசை, இத்தனை காலத்துக்குப் பிறகும் இளகித் திரும்பப் பிடித்தது. முழு மரமாக இருந்திருந்தால் அவனை இவ்வளவு மதித்திருக்க மாட்டேன்.

மறுநாள் பீடத்துக்கு வெள்ளைத் துணி விரித்தார்கள். இதழ்கள் மறைகின்றனவே என்று முணுமுணுத்தேன்.

"துணி போடாட்டில் எல்லாரும் மேசையைத்தான் பாப்பினம்; கலியாணப் பொம்பிளையை ஆர் பாக்கிறது, மாஸ்டர்?" என்றார் ஓடாவி.

பூசை முடிந்து துணியை எடுத்ததும் முதல் ஆளாகப் போய்த் தடவிப் பார்த்தேன். எட்டும் படிந்திருந்தன. அதற்குப் பிறகுதான் மாப்பிள்ளை பொம்பிளையை வாழ்த்த நினைவு வந்தது.