பரீட்சைக்கு உட்காராத எம்னா

எம்னாவுக்கு ஆறு வயதில் மூளைக்காய்ச்சல் வந்தது. உயிர் பிழைத்தது, காது போயிற்று. அதற்குள் கற்றிருந்த பேச்சு தொண்டையில் தங்கிவிட்டது. ஆனால் தன் குரல் எங்கே ஏறுகிறது, எங்கே உடைகிறது என்பது அவளுக்கே தெரியாது. கல்யாணத்தன்று நன்றி சொல்ல வாய் திறந்தவள், நாத்தனார் ரவ்தா முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்ததைப் பார்த்தாள். அன்றிலிருந்து புகுந்த வீட்டில் யாரும் அவள் குரலைக் கேட்கவில்லை. புருஷன் ஹம்தியிடம் கைச்சைகை. மற்றவர்களின் உதட்டசைவைப் படித்துக்கொள்வாள், பதிலைப் போனில் எழுதிக் காட்டுவாள்.

ஸ்ஃபாக்ஸ் துறைமுக நகரில் பாப் ஜபலி கோட்டை வாசலுக்கு அருகே, சந்தைக்குள் ஒரு போன் ரிப்பேர் கடையில் அவளுக்கு வேலை. செத்துப்போன போனை அவள் மேஜையில் வைத்தால் உயிரோடு எழுந்து போகும் என்று அந்த வரிசையில் பேர் வாங்கியிருந்தாள். ஹம்தி இழுவலைப் படகில் போகிறவன். பத்து நாள் கடலில், நாலு நாள் கரையில். மாமியார் ஸக்கியாவின் வீட்டு மாடியில்தான் இருவரும் குடியிருந்தார்கள். மாடிக் கதவுக்கு ஒரு சாவி கீழேயும் இருந்தது. ஸக்கியா நினைத்தபோது ஏறி வருவார், அடுப்பில் இருப்பதைத் திறந்து பார்ப்பார், உப்பு போட்டுவிட்டு இறங்குவார்.

மகள் யுஸ்ரா பிறந்த எட்டாம் நாளே பேச்சு ஆரம்பித்தது.

"பிள்ளை மூணு வயசு வரைக்கும் கீழ என்கிட்ட தூங்கட்டும். அழுதா இவளுக்கு எப்படித் தெரியும்? தாய்ப்பால் குடுக்க வந்துட்டுப் போகட்டும்" என்றார் ஸக்கியா. எம்னா எதிரில்தான் உட்கார்ந்திருந்தாள். உதடு அவளைப் பார்த்து அசையவில்லை, ஹம்தியைப் பார்த்து அசைந்தது.

எம்னா போனில் எழுதி மாமியார் மடியில் வைத்தாள்: "தெரியும்படி செஞ்சுக்குவேன் அத்தை."

பேறுகால விடுப்பு முழுவதும் அவளுக்கு இதே வேலை. கடையில் உடைந்து கிடந்த போன்களிலிருந்து அதிர்வு மோட்டார்களைக் கழற்றி வந்தாள். நாலைந்தைச் சேர்த்துத் துணிப்பையில் தைத்துத் தலையணைக்கு அடியில் வைத்தாள். தொட்டில் காலில் ஒரு சின்ன மைக், அது கேட்பதை வாங்கிக்கொள்ள ஒரு பெட்டி, ஓடும்போது அதில் பச்சைப் பொட்டு எரியும். அடுப்படியில், குளியலறையில், மொட்டைமாடித் துணிக்கொடிக் கம்பத்தில் இடத்துக்கொரு மஞ்சள் விளக்கு. குழந்தை அழுதால் விளக்கு மின்ன வேண்டும், தலையணை அதிர வேண்டும். கணக்கு அவ்வளவுதான்.

ஆனால் விளக்கு எதற்கெடுத்தாலும் மின்னியது. தூங்கும் குழந்தையைப் பார்க்க ஒரே காலையில் ஒன்பது முறை ஓடினாள். எந்தச் சத்தம் ஏமாற்றுகிறது என்று கேட்டுச் சொல்ல அவளுக்குக் காது வேண்டியிருந்தது. பக்கத்து வீட்டு வஃபாவைக் கூப்பிட்டு மைக்குக்குப் பக்கத்தில் உட்காரவைத்தாள். தான் மைக்கோடு இணைத்த மீட்டரின் முள்ளைப் பார்த்தபடி உட்கார்ந்தாள். வஃபா பழக்கதோஷத்தில் தொண்டை கிழியக் கத்தினாள்.

"கத்தாதடி, உதட்டை அசை, போதும்" என்று எழுதிக் காட்டினாள் எம்னா. வஃபாவிடம் தலையாட்டிச் சிரித்துவிட்டு முள்ளைக் காட்டினாள். முள் குதித்தது. "இது என்ன?" என்று எழுதினாள்.

"பாங்கு."

முள் மறுபடி. "இது?"

"குக்கர். என் வீட்டுக் குக்கரு. அய்யோ, கறி!" வஃபா எழுந்து ஓடி, அடுப்பை அணைத்துவிட்டு மூச்சு வாங்கத் திரும்பி வந்தாள்.

அப்புறம் முள் லேசாக நடுங்கிக்கொண்டே இருந்தது, இறங்கவே இல்லை. எம்னா வஃபாவின் முகத்தைப் பார்த்தாள். வஃபா காது கொடுத்துக் கேட்டு, "ஃபிரிட்ஜு" என்றாள்.

"ஃபிரிட்ஜ் சத்தம் போடுமா?"

"நாள் பூரா முனகும்டி, கிழவன் மாதிரி."

இத்தனை வருஷம் ஒருத்தரும் சொல்லவில்லையே என்று எம்னாவுக்குக் கோபமும் வந்தது, சிரிப்பும் வந்தது. போய் ஃபிரிட்ஜ் மேல் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள்.

அதற்குப் பிறகு யுஸ்ரா அழும்போதெல்லாம், தூக்குவதற்கு முன் ஒரு நொடி முள்ளைப் பார்த்தாள். பாங்கு நீளமாக ஏறி நீளமாக இறங்கியது. குக்கர் ஒரே குத்தாகக் குத்தியது. குழந்தையின் அழுகை மட்டும் மூச்சுக்கு மூச்சு விட்டு விட்டு ஏறியது. அந்த விட்டு விட்டு ஏறுவதை மட்டும் பிடித்துக்கொள்ளும்படி பெட்டியின் நிரலை மாற்றி எழுதினாள். மூன்று வாரம் பிடித்தது. அதன் பிறகு விளக்கு மின்னினால் யுஸ்ராதான். எப்போதாவது பூனை.

ஒரு சனிக்கிழமை முற்பகல். ஹம்தி கடலில் இருந்தான். குழந்தையைத் தூங்கவைத்துவிட்டு எம்னா மொட்டைமாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு துணிக்கும் ஒருமுறை கம்பத்து விளக்கைப் பார்த்துக்கொண்டாள். விளக்கு சும்மா இருந்தது. கூடையைக் காலி செய்துவிட்டு இறங்கி வந்தால் தொட்டில் வெறுமையாகக் கிடந்தது.

கால் தரையில் பாவியதா என்று அவளுக்கு நினைவில்லை. படிகளில் விழாமல் எப்படி இறங்கினாளோ, கீழ்க்கூடத்தில் மாமியார் மடியில் குழந்தை. முகம் சிவந்து, விக்கி விக்கி அடங்கிக்கொண்டிருந்தது. ரவ்தாவும் இருந்தாள்.

"ரெண்டு தெருவுக்குக் கேட்டுச்சு. தாய்க்காரிக்கு மட்டும் கேக்கல. துணி முக்கியமாப் போச்சு" என்றார் ஸக்கியா. இம்முறை உதடு நேராக அவளைப் பார்த்தே, ஒவ்வொரு எழுத்தாக அசைந்தது.

எம்னா குழந்தையை வாங்கிக்கொண்டு மேலே போனாள். பெட்டியில் பச்சைப் பொட்டு எரியவில்லை. பிளக் சுவரிலிருந்து கழற்றப்பட்டிருந்தது. ஒயரை யாரோ நிதானமாகச் சுருட்டி முடிச்சுப் போட்டுத் தொட்டில் காலில் மாட்டியிருந்தார்கள். தானாகக் கழன்ற ஒயர் முடிச்சுப் போட்டுக்கொள்ளாது.

சுருட்டிய ஒயரைக் கையில் பிடித்தபடி திரும்ப இறங்கினாள்.

ஸக்கியா மறைக்கவில்லை. "ஆமா, காலைல நீ குளிக்கப் போனப்ப நான்தான் பிடுங்கினேன். பச்சப்புள்ள தலைமாட்டுல கரண்டை வச்சா மூளை உருகாதா? நான் அஞ்சு பெத்தவ. எனக்குத் தெரியாததா?"

எம்னா எழுதியதை ரவ்தா வாங்கி உரக்கப் படித்தாள்: "விளக்கை அணைச்சுட்டு ஏன் இருட்டா இருக்குன்னு கேக்குறீங்களே அத்தை." படித்து முடித்த பிறகுதான் தான் என்ன படித்தோம் என்பது ரவ்தாவுக்கு உறைத்தது.

ஹம்தி கரைக்கு வந்த ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் கீழே சாப்பிடக் கூடினார்கள். காய்ந்த ஆக்டோபஸ் போட்ட பார்லிக் குஸ்குஸ், பெரிய தட்டு நடுவில். ஹம்தியின் அண்ணன் மொன்ஜியும் வந்திருந்தார், பள்ளிக்கூடக் கணக்காசிரியர். சாப்பாடு முடிந்து தேநீர் வந்ததும் அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"சண்டை எதுக்கு? ஒரு சோதனை வச்சுப் பாத்துருவோம். எம்னா மாடி அடுப்படில சுவரைப் பாத்து நிக்கட்டும். ரவ்தா தொட்டில்கிட்ட போய்ப் பிள்ளையை லேசா கிள்ளட்டும். அஞ்சு தடவை. அஞ்சுக்கு அஞ்சும் விளக்கு எரிஞ்சு இவ வந்துட்டா, அப்புறம் யாரும் பேசக் கூடாது. ஒண்ணு தப்பினாலும் பிள்ளை கீழ தூங்கும். நியாயம்தானே?"

எம்னா உதட்டைப் படித்தாள். சரியாகப் படித்தோமா என்று சந்தேகம் வந்து புருஷனைப் பார்த்தாள். ஹம்தி சைகையில் அப்படியே திருப்பிச் சொன்னான். சொல்லிவிட்டு, "ஒரே ஒரு தடவை, எம்னா. இவங்க வாயை அடைக்க. நீ ஜெயிச்சிருவ, எனக்குத் தெரியும்" என்று சேர்த்துக்கொண்டான்.

ஜெயித்துவிடுவாள் என்பது அவளுக்கும் தெரியும். பெட்டி அஞ்சுக்கு அஞ்சும் பிடிக்கும். ஆனால் நெஞ்சில் குத்தியது மொன்ஜியின் கணக்கல்ல. அதைத் திருப்பிச் சொல்ல ஹம்தியின் கை அசைந்த விதம். மாமியார் மடியிலிருந்த யுஸ்ரா தன் கால் கட்டைவிரலைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். அந்தக் காலைத்தான் கிள்ளப்போகிறார்கள்.

எம்னா எழுந்தாள். எல்லோரும் அவள் போனை எடுப்பாள் என்று காத்திருந்தார்கள். அவள் வாயைத் திறந்தாள்.

"இந்தப் பரீட்சைக்கு உட்கார மாட்டேன்."

குரல் கரகரத்து, நடுவில் கீச்சிட்டு, கடைசியில் கனத்து விழுந்தது. ரவ்தாவின் கை வாய்க்குப் போகவில்லை. 

"ரவ்தாவுக்கு மூணு பிள்ளைங்க. யாராவது அவளைச் சுவரைப் பாத்து நிக்கவச்சு சோதனை பண்ணீங்களா? போன வருஷம் அவ மகன் படில உருண்டு கையை ஒடிச்சுக்கிட்டானே, அப்ப அவ காது எங்க போச்சு? அவ பிள்ளையைக் கீழ பிடுங்கிட்டு வந்தீங்களா?"

"எம்னா, பெரியவங்க முன்னாடி…" என்று ஆரம்பித்தார் மொன்ஜி.

அவள் அவர் உதட்டைப் பார்க்கவே இல்லை. பார்க்காவிட்டால் அவர் பேசாதவர்தான். "விளக்கு எனக்குச் செஞ்சது. உங்களுக்குக் காட்ட செய்யல. என் மகளைக் கிள்ளி அழவச்சு நான் தாய்னு காட்டணுமா? முடியாது. அஞ்சுக்கு அஞ்சும் ஜெயிச்சாலும் முடியாது."

குனிந்து மாமியார் மடியிலிருந்து குழந்தையை எடுத்தாள். ஸக்கியா பிடித்துக்கொள்ளவில்லை. பிடிக்கத் தோன்றாத அளவுக்குத் திகைத்திருந்தார்.

மேலே போய், குழந்தையை முதுகில் துணியால் கட்டிக்கொண்டு, கருவிப் பெட்டியை எடுத்தாள். வஃபாவின் புருஷன் ஹார்டுவேர் கடை வைத்திருந்தான். ஞாயிற்றுக்கிழமை என்றும் பாராமல் ஒரு புதுப் பூட்டை எடுத்துக் கொடுத்தான். மாலை அஸர் தொழுகைக்கு முன் பழைய பூட்டு தரையில் கிடந்தது. கதவுக்கு வெளியே ஒரு பொத்தானையும் பதித்து, அதை மஞ்சள் விளக்கோடு இணைத்தாள்.

முதலில் அந்தப் பொத்தானை அழுத்தியது ஹம்தி. கையில் உதவாத சாவி. எம்னா கதவைத் திறந்து நிலையில் நின்றாள், வழி விடவில்லை.

"இதுக்கு ரெண்டு சாவி" என்றாள், இப்போது கைகளால். "ஒண்ணு உனக்கு. அதுக்கு முன்னாடி சொல்லு. உனக்கு எதுல சந்தேகம்? மெஷின்லயா, என்மேலயா?"

ஹம்தி பொய் சொல்லத் தெரியாதவன். அதுவே அவனைக் காப்பாற்றியது. "பயம்" என்று சைகை செய்தான். "கடல்ல கிடக்கும்போது, ராத்திரி ஆனா, பிள்ளை அழுற மாதிரியே இருக்கும். எழுந்து உட்கார்ந்துக்குவேன்."

"எனக்கும் பயம்தான். பயந்ததாலதான் செஞ்சேன். நீ பயந்து என்னை அடுப்படில நிக்கவைக்கப் பாத்த."

அவன் தலை குனிந்தான். அவள் உடனே சாவியைக் கொடுத்துவிடவில்லை. முதலில் கீழே போய், சோதனையும் கிடையாது, பிள்ளை இறங்கியும் வராது என்று அவன் வாயாலேயே சொல்லிவிட்டு வரச் சொன்னாள். போனான். கீழே என்ன நடந்தது என்று அவளுக்குத் தெரியாது. திரும்பி வந்தவனின் காது சிவந்திருந்தது. மறுநாள் துறைமுகத்திலிருந்து பழைய படகு விளக்கின் பேட்டரி ஒன்றைத் தூக்கிவந்து, அவள் மேஜைமேல் வைத்தான். பிளக்கைப் பிடுங்கினாலும் இரண்டு நாள் ஓடும்படி அதை அவள் பெட்டிக்குள் வைத்து, நாலு பக்கமும் திருகாணி முடுக்கினாள்.

ஸக்கியா ஒன்றரை மாதம் மாடிப்படி ஏறவில்லை. எதிர்ப்பட்டாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "ராட்சசி. வாய் இருக்கிறதே இத்தனை நாள் தெரியாமப் போச்சு" என்று தெருவில் சொன்னதை வஃபா வந்து வரி விடாமல் ஒப்பித்தாள். எம்னா விழுந்து விழுந்து சிரித்தாள். கடைசியில் பேத்தியைப் பார்க்காமல் இருக்க முடியாமல் ஒருநாள் ஏறி வந்து, பொத்தானைச் சுவரோடு குத்திவிடுபவர்போல அழுத்தினார். எம்னா திறந்து, "வாங்க அத்தை" என்று வாய்விட்டுச் சொன்னாள். அதற்கு மேல் மன்னிப்பும் இல்லை, சமாதானமும் இல்லை. தேநீர் போட்டாள். ஸக்கியா குடித்தார், சர்க்கரை கம்மி என்றார்.

அவர் கடைசிவரை மனம் மாறவில்லை. யுஸ்ரா பள்ளிக்கூடம் போகிற வயதிலும் "கம்பியில வளந்த பிள்ளை" என்றே அறிமுகம் செய்தார். யுஸ்ரா நாலு வயதுக்குள் கையாலும் பேசினாள், வாயாலும் பேசினாள், பாட்டியைப் பற்றிப் பாட்டி எதிரிலேயே கையால் கோள் சொன்னாள்.

காது கேளாதோர் சங்கம் வழியாகப் பேச்சு பரவியது. மஹ்தியாவிலிருந்து ஒருத்தி, கைரவானிலிருந்து ஒருத்தி என்று தேடி வந்தார்கள். எம்னா பதினாலு பெட்டிகள் செய்தாள், ஒவ்வொன்றிலும் பேட்டரியை உள்ளே வைத்தே திருகாணி முடுக்கினாள். வராதவர்கள் வீட்டுக்கு அவளே போனாள்.

அப்படித்தான் ஒருமுறை காபிஸ் நகருக்குப் போயிருந்தாள். காது கேளாத இருபத்திரண்டு வயதுப் பெண், கைக்குழந்தை. தலையைக் குனிந்தபடி ஓரமாக நின்றாள். எம்னா தொட்டிலுக்கு அடியில் படுத்து மைக்கை மாட்டிக்கொண்டிருந்தாள். அந்தப் பெண்ணின் மாமனார் குனிந்து, உதட்டைப் பெரிதாக அசைத்துக் கேட்டார்:

"இதை நம்பிப் பிள்ளையை விடலாமாம்மா? வேலை செய்யுமான்னு நாங்க எப்படித் தெரிஞ்சுக்கிறது?"

எம்னா தொட்டிலுக்கு அடியிலிருந்து வெளியே வந்து, கைத்தூசியைத் தட்டிக்கொண்டாள்.

"நீங்க தெரிஞ்சுக்க வேண்டியதில்ல ஐயா" என்றாள் தன் உடைந்த குரலில். "அவளுக்குத் தெரிஞ்சாப் போதும்." பிறகு அந்தப் பெண்ணின் தாடையைப் பிடித்து நிமிர்த்தி, திருகாணி முடுக்கியை அவள் கையில் கொடுத்து, பெட்டியின் மீதி இரண்டு திருகாணிகளை அவளையே போடச் சொன்னாள்.